ஞாயிற்றுக்கிழமை யாருடையது?

மும்பையில் வாழும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் குறைகளை எழுதச் சொன்னால் வீடு, தண்ணீர், கழிப்பிடம், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் படிப்பு, நிரந்தரமில்லாத வேலை என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். "பிள்ளைகளோடு ஒருநாள் வெளியே போய்வர வழியில்லை" என்ற குறையை அந்தப் பட்டியலில் யாரும் எழுதுவதில்லை. எழுதினால் சிரிப்பார்கள். கஞ்சிக்கே திண்டாட்டம், இதில் பிக்னிக் ஒரு கேடா என்பார்கள். அரசியல் பேச வேண்டிய இதழில் இதற்கு எதற்கு நாலு பக்கம் என்று நம் தோழர்களே கேட்கக்கூடும்.

இது அரசியல்தான் என்கிறோம். ஒரு மனிதனின் வேலை நேரம் எவ்வளவு என்பது அரசியல் என்றால், வேலை முடிந்த பிறகு அவனுக்கு என்ன மிஞ்சுகிறது என்பதும் அரசியல்தான். அவன் பிள்ளை விளையாட ஒரு சாண் மண் இருக்கிறதா, கடற்கரைக்குப் போக நாலு பேருக்கு பஸ் காசு எவ்வளவு ஆகிறது என்பவையும் அப்படியே.

நம் பிள்ளைகளைப் பாருங்கள். தாராவியிலும், சயான் கோலிவாடாவிலும், அண்டாப்ஹில்லிலும், செம்பூரிலும், மான்குர்திலும் பிறந்து வளர்கிறார்கள். உலகம் முழுவதும் மும்பை மும்பை என்கிறது. இவர்கள் பார்த்த மும்பையோ சாலின் படிக்கட்டு, பள்ளிக்கூடம், ரேஷன் கடை, கைபேசித் திரை. ஆண்டுக்கு ஒருமுறை கோடை விடுமுறையில் ரயிலேறித் திருநெல்வேலிக்கோ விழுப்புரத்துக்கோ போய்வருவதுதான் இவர்கள் அறிந்த ஒரே பயணம். அந்தப் பயணமும் ஓர் ஆண்டுச் சேமிப்பைக் கரைத்துவிடுகிறது. ஊருக்குப் போனால் "பம்பாய்ப் பிள்ளைகள்" என்கிறார்கள். பம்பாயில் என்ன பார்த்தாய் என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றுமில்லை. இந்த நகரத்தின் வீட்டைக் கட்டியவனும், சாக்கடையைச் சுத்தம் செய்தவனும், தோலைப் பதனிட்டவனும், விடியற்காலையில் இட்லி சுமந்தவனும் நாம். நம் பிள்ளைகளுக்கு மட்டும் இந்த நகரம் அந்நியமாக இருப்பது நியாயமா?

ஞாயிறு தானாக வந்ததில்லை

ஞாயிற்றுக்கிழமை விடுமுறையை முதலாளிகள் தானமாகக் கொடுத்தார்கள் என்று எண்ண வேண்டாம். இந்தியாவில் அந்த விடுமுறைக்கான போராட்டம் இதே நகரத்தில்தான் நடந்தது. சென்ற நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டில், பம்பாய் மில்களில் தொழிலாளி விடிவதற்கு முன் உள்ளே போய் இருட்டிய பின் வெளியே வந்தான். வாரம் முழுவதும் அதே கதைதான். ஜோதிராவ் பூலேயின் சத்தியசோதக் சமாஜத்தைச் சேர்ந்த நாராயண் மேகாஜி லோகண்டே 1884ஆம் ஆண்டு மில் தொழிலாளர்களுக்காக ஒரு சங்கம் அமைத்தார். அவருடைய முதன்மையான கோரிக்கைகளில் ஒன்று வாரம் ஒருநாள் ஓய்வு. கூட்டங்கள் நடந்தன, விண்ணப்பங்கள் போயின. 1890 ஜூன் மாதத்தில் மில் முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு ஒத்துக்கொண்டார்கள். மறு ஆண்டு வந்த தொழிற்சாலைச் சட்டத்தில் வார விடுமுறை எழுத்தில் ஏறியது.

பிறகு வேலை நேரம் குறைந்த வரலாற்றையும் நாம் மறக்கக் கூடாது. 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்தவர் அண்ணல் அம்பேத்கர். வாரத்துக்கு 54 மணி என்றிருந்ததை 48 மணியாகக் குறைக்கும் திருத்த மசோதாவை அவர் 1946இல் கொண்டுவந்தார். நமக்குக் கிடைத்திருக்கும் ஒரு மாலைப் பொழுதும், ஒரு ஞாயிறும் இப்படிப் பிறர் பட்ட பாட்டில் வந்தவை.

வந்தது நிலைக்கும் என்ற உறுதியும் இல்லை. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்து நின்றன. அந்த ஆண்டு மே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. 2025 செப்டம்பரில் மராட்டிய அமைச்சரவை, தொழிற்சாலைகளில் நாளுக்கு 9 மணி என்ற வரம்பை 12 மணி வரை உயர்த்த ஒப்புதல் கொடுத்தது. மிகைநேர ஊதியம் உண்டு, தொழிலாளியின் சம்மதம் வேண்டும் என்கிறார்கள். ஒப்பந்தக்காரரிடம் அன்றாடம் வேலைக்கு நிற்கிறவனிடம் சம்மதம் எப்படி வாங்கப்படும் என்பது நமக்குத் தெரியாததா?

பயன்படுத்தாத உரிமை பறிபோனால் யாருக்கும் வலிக்காது. ஞாயிறு முழுவதும் தூக்கத்திலும், சீட்டாட்டத்திலும், சாராயக் கடையிலும் கழியும் வீட்டில், அந்த ஞாயிறு பறிபோனால் குழந்தை அழப்போவதில்லை. மனைவி நிம்மதிகூட அடையலாம். பிள்ளைகள் கையைப் பிடித்து அழைத்துப்போகும் தகப்பன்தான் "என் ஞாயிறை எவன் எடுப்பான்?" என்று கேட்பான்.

காசுக்கு எங்கே போவது?

வெளியே போவது என்றால் பணம் கொட்டுவது என்று நாம் பழகிவிட்டோம். மாலுக்குப் போனால் உள்ளே நுழையக் காசு இல்லை. நுழைந்த பிறகு காசில்லாமல் நிற்க முடியாது. பிள்ளை கேட்கும், நாம் இல்லை என்போம். அழுகையோடு வீடு திரும்புவோம். விளையாட்டு ரயிலும் ராட்டினமும் உள்ள தனியார் பூங்காக்களின் டிக்கெட்டோ நம் வாரக் கூலியை விழுங்கிவிடும்.

ஆனால் இந்த நகரத்தில் பொதுமக்களின் சொத்தாக, இலவசமாகவோ சிறு கட்டணத்திலோ இருக்கும் இடங்கள் ஏராளம். அவற்றைத் தூரத்தையும் செலவையும் பார்த்து மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் ஓர் ஆண்டுக்குத் திட்டம் போட்டுவிடலாம்.

முதல் வகை, நடந்தே போகக்கூடியவை. தாராவிக்காரர்களுக்கு வாசலிலேயே மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா இருக்கிறது. மித்தி ஆற்றங்கரையில் நகரத்தின் குப்பையைக் கொட்டிவந்த மேடு அது. அதன்மேல் மண் பரப்பி மரம் நட்டு, 1994இல் பூங்காவாகத் திறந்தார்கள். குப்பை மேடு காடாக முடியும் என்பதைத் தாராவிப் பிள்ளைகளுக்குக் கண்ணால் காட்ட இதைவிட நல்ல பாடம் வேறில்லை. சயானில் இருக்கும் கோட்டைக் குன்றைக் கவனித்தீர்களா? 17ஆம் நூற்றாண்டில், ஆங்கிலேயர் வசமிருந்த பரேல் தீவுக்கும் போர்த்துகீசியர் வசமிருந்த சால்செட் தீவுக்கும் எல்லையில் கட்டியது. ஏற ஒரு காசு வேண்டாம். அடிவாரத்தில் பூங்காவும் இருக்கிறது. மேலே நின்று பார்த்தால் பம்பாய் ஒரு காலத்தில் தனித்தனித் தீவுகளாக இருந்தது என்று சொல்வதைப் பிள்ளை நம்பும். மாட்டுங்காவின் ஐந்து தோட்டங்களும் தாதரின் சிவாஜி பார்க்கும் நமக்குத் தெரிந்தவைதான். தெரிந்தும் போவதில்லை.

இரண்டாவது வகை, ரயிலிலோ பஸ்ஸிலோ போய், இருநூறு ரூபாய்க்குள் முடியக்கூடியவை. பைகுல்லாவின் ராணி பாகை எடுத்துக்கொள்வோம். 1862இல் திறந்த தோட்டம், விலங்குக் காட்சிசாலை. 2017 முதல் பெங்குவின் பறவைகளும் உண்டு. அதே ஆண்டில் மாநகராட்சி கட்டணத்தை மாற்றியமைத்தபோது, தாய் தகப்பன் இரண்டு பிள்ளைகள் கொண்ட குடும்பத்துக்குச் சேர்த்து 100 ரூபாய் என்று வைத்தது. சயானிலிருந்து பைகுல்லாவுக்கு லோக்கல் ரயிலில் இரண்டாம் வகுப்பு டிக்கெட் 5 ரூபாய். நாலு பேருக்கும் முழு டிக்கெட் என்று வைத்தாலும் போகவர 40 ரூபாய். சோறும் தண்ணீரும் வீட்டிலிருந்து. மிச்சம் 60 ரூபாய்க்குப் பிள்ளைகளுக்கு வேர்க்கடலையும் குச்சி ஐசும். கணக்கு முடிந்தது. அடுத்த வாசலில் பாவு தாஜி லாட் அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் தோட்டத்தில் ஒரு கல் யானை நிற்கும். எலிபெண்டா தீவுக்கு வெள்ளைக்காரன் அந்தப் பெயரை வைத்ததே அங்கிருந்த இந்த யானையைப் பார்த்துத்தான். பிள்ளைகள் சுற்றிச் சுற்றி வருவார்கள்.

குளிர்காலம் தொடங்கிக் கோடை வரை சிவ்ரி சேற்றுக் கடலிலும் தானே கழியிலும் பூநாரைகள் வந்து இறங்கும். கடல் நீர் வடிந்து சேறு தெரியும் நேரத்தில் போனால் இளஞ்சிவப்பாக நின்று மேய்வதைப் பார்க்கலாம். ஹார்பர் லைனில் சிவ்ரியில் இறங்க வேண்டும். நீர் ஏறும் நேரம், வடியும் நேரம் செய்தித்தாளில் வரும்.

தாதர் கடற்கரையில் சைத்தியபூமி இருக்கிறது. 1956 டிசம்பரில் அண்ணலின் உடலுக்கு எரியூட்டிய இடம். டிசம்பர் 6 கூட்டத்தில் மட்டும்தான் போக வேண்டும் என்பதில்லை. ஓர் அமைதியான மாலையில் பிள்ளைகளோடு போய், அவர் யார் என்று சொல்லுங்கள். கிழக்கே இந்து காலனியில் அவர் புத்தகங்களுக்காகவே கட்டிய ராஜகிருகத்தைக் காட்டுங்கள். காம்தேவியில் காந்தியடிகள் 1917 முதல் 1934 வரை பம்பாய் வரும்போதெல்லாம் தங்கிய மணி பவன் இருக்கிறது. வோர்லியில் நேரு அறிவியல் மையம் இருக்கிறது. பாடப் புத்தகத்தில் படமாகப் பார்த்த நெம்புகோலையும் கண்ணாடியையும் அங்கே பிள்ளைகள் கையால் தொட்டுப் பார்க்கலாம்.

மூன்றாவது வகை, ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ. போரிவலியில் நூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்து கிடக்கும் தேசியப் பூங்காவும் அதற்குள் நூற்றுக்கு மேற்பட்ட கன்ஹேரி குகைகளும் ஒரு முழு நாளுக்குப் போதும். எலிபெண்டாவுக்குப் படகுக் காசு நாலு பேருக்குக் கொஞ்சம் கனக்கும். முன்கூட்டியே சேர்த்துவைத்துப் போகலாம். படகில் ஏறியதும் பிள்ளைகளுக்கு உயிர்காப்பு அங்கி கேட்டு வாங்குங்கள். 2024 டிசம்பரில் அந்தத் தடத்தில் கடற்படையின் விரைவுப் படகு மோதிப் பயணிகள் மாண்டதை மறக்க வேண்டாம்.

புறப்படுமுன்

ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில்வேயின் மெகா பிளாக் உண்டு. எந்த லைனில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று சனிக்கிழமையே பார்த்துவிட வேண்டும். இல்லையென்றால் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நிற்பதே அன்றைய சுற்றுலாவாகிவிடும். தேசியப் பூங்காவும் எலிபெண்டாவும் திங்களன்று மூடியிருக்கும். ராணி பாகும் பாவு தாஜி லாட் அருங்காட்சியகமும் புதனன்று மூடியிருக்கும். கட்டணங்கள் மாறக்கூடியவை. போய்வந்தவர்களைக் கேட்டுக்கொள்வது நல்லது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை கடற்கரைக்குப் போனால் மணலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மழைக்காலக் கடல் இழுத்துவிடும். ஒவ்வோர் ஆண்டும் சிறுவர்களைப் பறிகொடுக்கிறோம். கூட்டமுள்ள இடத்தில் குழந்தையின் சட்டைப் பையில் நம் கைபேசி எண்ணை எழுதிப் போட்டு அனுப்ப வேண்டும்.

இன்னொன்றையும் ஆண்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெளியே போகும் நாளில் நாலு மணிக்கு எழுந்து புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டி, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, தண்ணீர் பிடித்துவைத்து, திரும்பி வந்ததும் பாத்திரம் துலக்கி, மறுநாள் காலை நாலு வீட்டு வேலைக்கு ஓடுகிறவள் வீட்டுப் பெண். அந்த நாள் அவளுக்கு விடுமுறையா, இரட்டை வேலையா? லோகண்டே கேட்ட ஞாயிறு ஆணுக்கு மட்டும் என்று எங்கும் எழுதவில்லை. முதல்நாள் இரவு வெங்காயம் உரிக்கவும், பையைச் சுமக்கவும், திரும்பி வந்து பாத்திரம் கழுவவும் ஆண் கை குறைந்துவிடாது. எங்கே போவது என்பதையும் அவளைக் கேட்டே முடிவு செய்யலாம்.

ஞாயிறே இல்லாதவர்களும் நம்மில் உண்டு. இட்லி விற்பவருக்கு ஞாயிறுதான் வியாபாரம். வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு ஞாயிறன்று விருந்தாளி வந்து வேலை கூடும். காவலாளிக்கு எந்த நாளும் ஒன்றுதான். இவர்கள் தீபாவளி, மே விடுமுறைகளில் ஒரு வேலை நாளைத் தேர்ந்துகொள்ளலாம். கூட்டமும் குறைவாக இருக்கும். ஆனால் அதற்கு அவர்களுக்கு ஒருநாள் கூலி போகிறது. கூலியோடு கூடிய வார விடுப்பு வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கும் வேண்டும் என்ற கோரிக்கையை நாம் விடாமல் எழுப்ப வேண்டியது இதனால்தான்.

நகரம் நமக்குத் தர வேண்டியது

இவ்வளவும் நாமே செய்துகொள்ளக்கூடியவை. சிக்கனத்தை மட்டும் சொல்லிக்கொடுத்து நிறுத்திவிட்டால் நம் வேலை பாதிதான். மீதிப் பாதி, நகரத்தை ஆள்கிறவர்களிடம் கேட்க வேண்டியது.

மும்பையில் தலைக்கு இரண்டு சதுர மீட்டர் திறந்த வெளிகூட இல்லை. ஒரு கோரைப்பாய் விரிக்கும் இடம். அந்தச் சராசரியிலும் மலபார் ஹில்காரருக்குக் கிடைப்பதும் நமக்குக் கிடைப்பதும் ஒன்றல்ல. இடமே இல்லாமல் போனதால் வந்த நிலை அல்ல இது. 1982இல் இரண்டரை லட்சம் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மில்கள் பிறகு ஒவ்வொன்றாக அடைபட்டன. அந்த நிலங்களை என்ன செய்வது என்பதற்கு 1991இல் ஒரு விதி வந்தது. மறுகட்டுமானம் செய்தால் மூன்றில் ஒரு பங்கு நகரத்தின் திறந்த வெளிக்கு, ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கு, ஒரு பங்கு உரிமையாளருக்கு என்றது அந்த விதி. 2001இல் அதைத் திருத்தினார்கள். மொத்த நிலத்தில் பங்கு என்பது போய், கட்டடம் இல்லாத வெற்று நிலத்தில் மட்டும் பங்கு என்று ஆனது. 2006இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. பூங்காவாகியிருக்க வேண்டிய மண்ணில் கோபுரங்கள் எழுந்தன. லோயர் பரேலில் பீனிக்ஸ் மில் இருந்த இடத்தில் இன்று மால் நிற்கிறது. நம் பிள்ளை அந்த மாலின் நகரும் படிக்கட்டில் ஏறி இறங்கி மகிழ்கிறது. அதன் விளையாட்டு மைதானம் அந்த மண்ணில்தான் காணாமல் போனது என்பது அதற்குத் தெரியாது. நமக்குத் தெரிய வேண்டும்.

இப்போது தாராவியின் மறுகட்டுமானம் நடக்கிறது. யாருக்கு எத்தனை சதுர அடி, யார் தகுதியுடையவர், யாரை எங்கே அனுப்புவார்கள் என்று பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். கூடவே, வரைபடத்தில் பிள்ளைகள் விளையாடும் இடம் எங்கே, அது தரையில் இருக்கிறதா, யாரும் உள்ளே வரலாமா என்பதையும் ஒவ்வொரு கூட்டத்திலும் கேளுங்கள். மில் நிலத்தில் நடந்தது இன்னொரு முறை நடக்க விடக்கூடாது.

பஸ்ஸைப் பாருங்கள். பெஸ்ட் 1947இல் மாநகராட்சியின் கைக்கு வந்தது, மக்களின் பஸ்ஸாக ஓட. 2025 மே மாதம் அதன் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாயிலிருந்து 10 ஆனது. குளிர்சாதன பஸ்ஸில் 6லிருந்து 12 ஆனது. தனியாக வேலைக்குப் போகிறவருக்கே அது பாரம். குடும்பத்தோடு போகிறவருக்கோ போகவும் வரவும் ஒவ்வொரு தலைக்கும் கூடுகிறது. விடுமுறை நாளில் பிள்ளைகளுக்கு இலவசப் பயணம் தந்தால் நகரம் மூழ்கிவிடாது. ராணி பாகின் குடும்ப டிக்கெட் நாலு பேரோடு நிற்கிறது. நம் வீட்டு மூன்றாவது பிள்ளையும், ஊரிலிருந்து வந்து நம்மோடு தங்கியிருக்கும் மைத்துனனும் குடும்பத்தில் சேர்த்தியில்லையா? பூங்காவிலும் கடற்கரையிலும் பெண்கள் தயங்காமல் போகக்கூடிய கழிப்பிடமும், காசில்லாத குடிநீரும் இல்லையென்றால், இலவச அனுமதி என்று பலகை மாட்டி என்ன பயன்?

நாம் செய்ய வேண்டியது

ஒவ்வொரு கிளையும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பத்துப் பதினைந்து குடும்பங்களைச் சேர்த்து ஓரிடத்துக்கு அழைத்துப்போகலாம். வாரம் இருபது ரூபாய் உண்டியலில் போட்டுவந்தால் செலவு கையைக் கடிக்காது. சோறு ஒரே இடத்தில், ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆக்கட்டும். படித்த பிள்ளைகள் அந்த இடத்தின் வரலாற்றைத் தமிழில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். கணவனை இழந்த தாய்மார்களும், தனியாக அறையெடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்களும் கூட வரட்டும். பக்கத்துச் சாலின் மராத்தி, உருது, இந்தி பேசும் குடும்பங்களையும் அழையுங்கள். பிள்ளைகள் எப்படியும் ஒன்றாகத்தான் விளையாடுகிறார்கள். திரும்பி வந்தபின் அங்கே கழிப்பிடம் எப்படி இருந்தது, தண்ணீர் இருந்ததா, எவ்வளவு செலவானது என்று ஒரு தாளில் எழுதி வார்டு அலுவலகத்தில் கொடுங்கள். ஒரு குடும்பம் கேட்டால் மனு. நூறு குடும்பம் கேட்டால் கோரிக்கை.

தாய்மார்களே, தோழர்களே! நம் பிள்ளைகளுக்கு நாம் விட்டுச்செல்லப் போவது நிலமோ நகையோ அல்ல. இந்த நகரத்தில் தலைநிமிர்ந்து நடக்கும் தைரியத்தைக் கொடுத்துவிட்டுப் போவோம். காட்சிசாலை வாசலில் தயங்கி நிற்காத பிள்ளை நாளை வேலை கேட்கும்போதும், கூலி கேட்கும்போதும் தயங்கி நிற்காது. வருகிற ஞாயிறு எங்கே போவது என்று இன்று இரவு வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். பிள்ளைகளையும் கேளுங்கள்.